வயிற்று வலியோடு வந்த சர்க்கரை

"எங்கப்பாவுக்கு சுகரே கிடையாதே, டாக்டர்!" திடீர்க் கணைய அழற்சியோடு ஒருவரை அவசரப் பிரிவில் சேர்க்கும்போது, உடன் வந்தவர்கள் அடிக்கடி சொல்வது இது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலி, நிற்காத வாந்தி. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் குளுக்கோமீட்டர் 240, 260 என்று காட்டுகிறது. வந்தது வயிற்று வலிக்கு, பேச்சோ சர்க்கரையைப் பற்றி என்று குடும்பம் குழம்பிப்போகிறது. அந்த எண்ணை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயாளி எப்படித் தேறுவார், வீடு திரும்பிய பிறகு அவருக்கு என்ன வரலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் தடயம் இருக்கிறது.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறக்குறைய 15 செ.மீ. நீளத்தில் படுத்திருக்கிறது கணையம். அதன் பெரும்பகுதியின் வேலை செரிமான நொதிகளைச் சுரப்பது. அந்தத் திசுவுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கின்றன சில செல் கூட்டங்கள். கணையத்தின் எடையில் இவை 1 முதல் 2 விழுக்காடுதான். 1869-இல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை நுண்ணோக்கியில் கண்டு எழுதிவைத்தார். இவை எதற்காக இருக்கின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. அதே 1889-இல் அட்லாண்டிக்குக்கு அப்பால் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற மருத்துவர் திடீர்க் கணைய அழற்சியைத் தனி நோயாக விரிவாக விவரித்தார். ஒரே உறுப்பின் இரண்டு நோய்களும் ஒரே ஆண்டில் தெளிவடைந்தன. ஆனால் அதன் பிறகு செரிமானப் பக்கம் ஒரு துறைக்கும் சர்க்கரைப் பக்கம் இன்னொரு துறைக்கும் போய்விட்டன. அந்தப் பிரிவினையின் விலையை நோயாளிகள் இன்றும் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கணையம் சுரக்கும், புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இயல்பாகச் செயலற்ற வடிவில்தான் கிளம்புகின்றன. சிறுகுடலைச் சேர்ந்த பிறகே விழித்துக்கொள்கின்றன. பித்தப்பைக் கல் ஒன்று வழியை அடைத்தாலோ, மது திசுவைத் தாக்கினாலோ அவை கணையத்துக்குள்ளேயே விழித்துவிடும். உறுப்பு தன்னையே செரிக்கத் தொடங்கும். பிராக் நகரில் ஹான்ஸ் சியாரி 1896-இலேயே சொன்ன விளக்கம் இது. அடிப்படையில் இன்றும் நிற்கிறது. பெரும்பாலானோருக்கு வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் திசு அழுகுவதும், நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறுவதும் நேர்கின்றன.

இந்தக் களேபரத்தில் சர்க்கரை ஏறுவதற்கு இரண்டு காரணங்கள். உடல் பெரும் ஆபத்தில் இருப்பதாக உணர்ந்தால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் பொங்குகின்றன. கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்து குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டுகிறது. அழற்சி வேதிப்பொருள்களோ தசைகளை இன்சுலினுக்கு மசியாதவையாக்குகின்றன. இது நிமோனியாவிலும் மாரடைப்பிலும்கூட நடக்கும். இரண்டாவது காரணம் கணைய அழற்சிக்கே உரியது. ஏறிய சர்க்கரையை இறக்க வேண்டிய இன்சுலினைச் சுரப்பவை கணையத்தில் சிதறிக் கிடக்கும் அந்தச் செல் கூட்டங்கள்தான்; அவை எரிகிற வீட்டுக்குள்ளேயே அகப்பட்டிருக்கின்றன. தேவை கூடும் நேரத்தில் சுரப்பு தளர்கிறது.

ஆகவேதான் 1974-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஜான் ரான்சன், யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே கணிக்க 11 அடையாளங்களைத் தொகுத்தபோது, சேர்க்கையின்போதே பார்க்க வேண்டிய ஐந்தில் ஒன்றாக ரத்தச் சர்க்கரையை வைத்தார். டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஒரு புள்ளி. பின்னர் வந்த கிளாஸ்கோ மதிப்பீட்டிலும் சர்க்கரைக்கு இடம் உண்டு. அங்கே எல்லை 180. புதிய அளவுகோல்கள் எத்தனையோ வந்துவிட்டாலும், ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு நிமிடத்துக்குள் கிடைக்கும் இந்தத் தகவலின் மதிப்பு குறையவில்லை.

அதோடு எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சராசரி 5.4, இன்றைய சர்க்கரை 250 என்றால், இந்த ஏற்றம் இந்த நோயின் கைவேலை. சராசரியே 9 என்றால், வெகுநாளாகக் கண்டுபிடிக்கப்படாத நீரிழிவு உள்ளே இருந்திருக்கிறது. இரண்டு நோயாளிகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கலாம். அவர்களின் எதிர்காலம் வேறு வேறு.

ஏறிய சர்க்கரை சும்மாவும் இருப்பதில்லை. 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளத் தொடங்கும். கூடவே நீரும் போகும். ஏற்கெனவே வாந்தியாலும், வயிற்றுக்குள் நீர் கசிவதாலும் வறண்டு கிடக்கும் உடலுக்கு இது இரட்டை அடி. கிருமிகளைப் பிடித்து விழுங்க வேண்டிய வெள்ளணுக்களும் சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் மந்தமாகின்றன. அழுகிய கணையத் திசுவில் கிருமி குடியேறுவதுதான் இந்த நோயில் மருத்துவர்கள் அஞ்சும் கட்டம்.

அப்படியானால் இன்சுலினை ஏற்றி உடனே 100-க்குக் கொண்டுவந்துவிடலாமே? மருத்துவ உலகம் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வு, அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்குச் சர்க்கரையை 80 முதல் 110-க்குள் வைத்தால் இறப்பு குறைவதாகக் காட்டியது. உலகெங்கும் ஐசியுக்கள் அதைப் பின்பற்றின. 2009-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா உள்ளிட்ட நாடுகளில் 6,104 நோயாளிகளிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வின் முடிவு வந்தபோது நிலைமை தலைகீழானது. இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 விழுக்காடு, 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தது முதல் குழுவில் 6.8 விழுக்காட்டினருக்கு, மற்றதில் 0.5 விழுக்காட்டினருக்கு. இன்று கவலைக்கிடமான நோயாளிகளுக்குப் பெரும்பாலும் வைக்கப்படும் இலக்கு 140 முதல் 180. கணைய அழற்சியில் இந்த நிதானம் இன்னும் முக்கியம். தாழ்ந்த சர்க்கரையை மேலே தூக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரப்பதும் அடிபட்ட அதே செல் கூட்டங்கள்தான். "அப்பாவுக்கு 160 இருக்கு, இன்சுலின் போடாம விட்டுட்டாங்க" என்று உறவினர்கள் பதற வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. கணையத்துக்கு ஓய்வு தர வேண்டும், வாயில் ஒரு வாய்த் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று நோயாளியை நாள்கணக்கில் பட்டினி போட்டு, ரத்தநாளம் வழியே ஊட்டம் ஏற்றுவது முன்பு வழக்கம். அந்த ஊட்டத் திரவத்தில் குளுக்கோஸ் செறிவு அதிகம். சர்க்கரை எகிறும், தொற்றும் கூடும். உணவே வராத குடலின் சுவர் நலிந்து, கிருமிகள் ரத்தத்துக்குள் நுழையவும் வழி பிறக்கும். இப்போது வாந்தி அடங்கி, பசி எடுத்தால் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே கொழுப்புக் குறைந்த மென்மையான உணவு கொடுக்கிறார்கள். இயலாதவர்களுக்கு மூக்கு வழிக் குழாய். "சோர்ந்து கிடக்கிறாரே, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நம் ஊரில் அன்போடு கேட்பார்கள். இங்கே முதலில் ஏற்ற வேண்டியது ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புத் திரவம், அதுவும் அளந்து.

இன்சுலின் சர்க்கரைக்காக அல்லாமல் கொழுப்புக்காகத் தரப்படும் ஒரு சூழலும் உண்டு. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினால் அதுவே கணைய அழற்சியைத் தூண்டலாம். ஊசியில் எடுத்த ரத்தத்தைச் சோதனைக் குழாயில் சற்று வைத்தால், மேலே பால்போல் வெண்மை படரும். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களிடம் இது அதிகம். இந்தக் கொழுப்பை உடைக்கும் நொதியைத் தூண்டுவதே இன்சுலின்தான். இன்சுலின் குறைய, கொழுப்பு தேங்க, கணையம் புண்பட, இன்சுலின் மேலும் குறைகிறது. இந்தச் சுழலை உடைக்க இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, சர்க்கரை தாழாமல் இருக்கக் கூடவே குளுக்கோஸும் தருவார்கள். இன்னொன்று: ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் கணைய அழற்சியைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் அமைலேஸ் என்ற நொதியின் பரிசோதனை, இயல்பு என்று பொய் சொல்லக்கூடும். வலி பொருத்தமாக இருந்து எண் பொருந்தாவிட்டால், லைப்பேஸ் என்ற இன்னொரு நொதியும் ஸ்கேனும் பார்த்தாக வேண்டும்.

வலி நின்று, சாப்பாடு இறங்கி, சர்க்கரை 110-க்கு வந்ததும் டிஸ்சார்ஜ். பித்தப்பையை எப்போது எடுப்பது, மதுவை விட வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். சர்க்கரையைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இருப்பதில்லை. எனக்கு ஆற்றாமையைத் தருவது இந்த இடம்தான். 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு பகுப்பாய்வு, முதல் முறை கணைய அழற்சி வந்தவர்களில் ஓராண்டுக்குள் சுமார் 15 விழுக்காட்டினருக்குப் புதிதாக நீரிழிவு வருவதாகக் காட்டியது. ஐந்தாண்டில் அபாயம் இரட்டிப்புக்கும் மேல். லேசான தாக்குதலோடு தப்பித்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். "கொஞ்சம் வீக்கம்தான், சரியாயிடுச்சு" என்று திரும்பியவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அப்படி வரும் நீரிழிவு வழக்கமான இரண்டாம் வகை அன்று. இங்கிலாந்துப் பொதுமருத்துவர்களின் பதிவுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வில், கணைய நோய்க்குப் பிறகு நீரிழிவு வந்தவர்களில் கிட்டத்தட்ட 88 விழுக்காட்டினருக்கு இரண்டாம் வகை என்றே எழுதப்பட்டிருந்தது. கணைய நோயால் வந்த நீரிழிவு என்று சரியாகக் குறிக்கப்பட்டவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஐந்தாண்டுக்குள் இன்சுலின் தேவைப்பட்டவர்கள் இரண்டாம் வகையில் 4 விழுக்காடு. திடீர்க் கணைய அழற்சிக்குப் பின் வந்ததில் 21 விழுக்காடு. மாத்திரை கேட்கவில்லை, நீங்கள் பத்தியம் இருக்கவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் இல்லாவிட்டாலும் நீங்களே கேட்டுவாங்கலாம்: மூன்று மாதம் கழித்து ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, நொதிச் சுரப்பும் குறைந்திருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு. பின்னாளில் எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் சர்க்கரைக்குப் போனாலும் "எனக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடையும் குறைக்கும் என்று இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளூடைடு போன்ற ஊசிகளின் குறிப்புத் தாளில் கணைய அழற்சி பற்றிய எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. உங்கள் பழைய நோய் தெரிந்தால்தான், அந்த ஊசி உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரால் தீர்மானிக்க முடியும்.