கழுத்தின் மேல் பழி போடும் முன்

"கழுத்து எலும்பு தேஞ்சிருக்காம். அதான் தலை சுத்துதாம்." எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்தபடி இதைச் சொல்லும் ஒருவராவது நம் எல்லோர் உறவிலும் இருப்பார். ஒரு கழுத்துப் பட்டை, தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை, கூடவே பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டை வாங்கிக்கொள்கிற பிசியோதெரபிஸ்ட் முதலில் எதைச் செய்ய வேண்டும்? கழுத்தைத் தொடக் கூடாது என்பேன்.

படத்தில் தெரியும் தேய்மானம் சாட்சியாகாது. கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேரை ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளிவந்த முடிவின்படி அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் கதை அதுதான். வட்டு பிதுங்கியிருந்தும் அவர்களுக்குக் கழுத்தில் தொந்தரவு இல்லை.

அதற்காகக் கழுத்துக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மண்டையோட்டின் அடியில், பிடரிக்குள் ஆழமாக இருக்கும் சிறு தசைகளில் நீட்சியை உணரும் நுண் உறுப்புகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. உடம்பின் மேல் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தி இவற்றிலிருந்து மூளைக்குப் போகிறது. உள்காதும் கண்ணும் அனுப்பும் செய்தியோடு அது ஒத்துப்போகாவிட்டால் தள்ளாட்டம் வரும். 1977-ல் ஆரோக்கியமானவர்களின் கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்தபோது, அவர்களால் நிதானமாக நடக்க முடியவில்லை. கழுத்திலிருந்து வரும் தலைசுற்றல் என்ற எண்ணம் மருத்துவ இதழ்களில் 'செர்வைகல் வெர்டிகோ' என்ற பெயரோடு 1955-லேயே வந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், இதை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் இந்த நோய்.

ஆகவே பிசியோதெரபிஸ்ட்டுக்கான பயிற்சியில் பெரும்பகுதி விலக்கும் கலையாகத்தான் இருக்க வேண்டும். அந்த வகுப்பின் முதல் கருவி பி.பி. பார்க்கும் மிஷின். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்தால் அது கழுத்துவலியும் தலைசுற்றலுமாகத்தான் ஆரம்பிக்கக்கூடும். ஸ்ட்ரோக் பின்னால் வரலாம். ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கச் சிரமமா, முகம் மரத்திருக்கிறதா, நடக்கும்போது திடீரென்று கால் துவண்டு விழுந்தாரா என்று கேட்டாக வேண்டும். முன்பெல்லாம் தலையைக் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டு ரத்தக்குழாயைச் 'சோதிக்க'ச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சோதனையை நம்ப முடியாது என்பது இப்போது தெரிந்துவிட்டது. கைவழிச் சிகிச்சை பிசியோதெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு 2012-ல் வெளியிட்டு 2020-ல் திருத்திய வழிகாட்டி, நோயாளியின் கதையையும் ரத்த அழுத்தத்தையும் மூளை நரம்புகளின் பரிசோதனையையும் முன்னால் வைக்கிறது.

கதை கேட்பதிலும் ஒரு பழைய பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. "உலகமே சுத்துதா, மிதக்கிற மாதிரி இருக்கா, கண்ணை இருட்டுதா?" என்று கேட்டு வகை பிரிப்போம். ஆனால் ஒரே ஆள் காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறு சொல்வார். எதைச் செய்தால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில் அப்படி மாறுவதில்லை. படுக்கையில் புரண்டதும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் சந்தேகம் முதலில் உள்காதின் மேல்தான் போக வேண்டும். அங்கே இடம்மாறிய கால்சியம் துகள்களைக் கண்டுபிடிக்க டிக்ஸ்-ஹால்பைக் சோதனை 1952 முதல் இருக்கிறது. சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கருவிழி ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். அப்படி ஆடினால் எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பியே துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பலாம். மாதக்கணக்கில் பட்டை கட்டியவர் ஒன்றிரண்டு முறையில் சரியாகிப் போவது இப்படித்தான்.

காதும் காரணம் இல்லை என்றான பிறகுதான் கழுத்தின் முறை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. தலையைத் திருப்பினால் காதும் திரும்புகிறது, கழுத்தும் முறுக்கிக்கொள்கிறது. குற்றவாளி யார் என்று எப்படிப் பிரிப்பது? நோயாளியைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, உடம்பை மட்டும் திருப்பச் சொல்கிறார்கள். காது இருந்த இடத்திலேயே இருக்கிறது, கழுத்து மட்டும் முறுக்குகிறது. அடுத்து தலையும் உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். முதலாவதில் தலைசுற்றி, இரண்டாவதில் சுற்றவில்லை என்றால் கழுத்தை விசாரிக்கலாம். பயிற்சியில் ஆளுக்கு ஆள் மாறி மாறிச் செய்து பார்க்கும்போதுதான், தலையை அசையாமல் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது விரல்களுக்குப் புரியும்.

பிரான்சின் மிஷேல் ரெவேல் 1991-ல் தந்தது இன்னொன்று. தலையில் லேசர் விளக்கு, 90 சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு குறி. கண்ணைக் கட்டிக்கொண்டு தலையைத் திருப்பிவிட்டு, நேராக இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒளிப்புள்ளி நடுவிலிருந்து ஏழு சென்டிமீட்டர், அதாவது சுமார் 4.5 டிகிரி விலகினால் கழுத்தின் நிலையுணர்வு பிசகியிருக்கிறது என்று கொள்ளலாம். சோதனையே சிகிச்சையும் ஆகிறது. இதே விளக்கை வைத்துத் தினமும் பழக்குகிறார்கள்.

கைவழிச் சிகிச்சையில் ஒரு முறைக்கு வழிகாட்டியவர் நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன். நோயாளி உட்கார்ந்திருக்க, கட்டைவிரலால் மேல் கழுத்து எலும்பை மெல்ல முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி இருக்கும்போதே நோயாளி, தலைசுற்ற வைக்கும் பக்கமாகத் தானே தலையைத் திருப்புவார். வலியோ சுற்றலோ துளியும் வரக் கூடாது. வந்தால் பிடியை மாற்ற வேண்டும், இல்லை நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் சூசன் ரீட் 2014-ல் 86 பேரிடம் இதைச் சோதித்தார். ஒப்பீட்டுக் குழுவுக்கு, வேலை செய்யாத லேசரைக் கழுத்தில் காட்டினார்கள். கை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தலைசுற்றல் அதைவிட நன்றாகக் குறைந்திருந்தது.

இதைக் கேட்டு உற்சாகமாகி வார இறுதி வகுப்புகளில் சேர்பவர்கள், 2022-ல் பாரானி சங்கம் சொன்னதையும் படித்துவிட்டுப் போகலாம். உலகின் தலைசுற்றல் நிபுணர்கள் கூடும் அந்தச் சங்கம், கழுத்துதான் தலைசுற்றலுக்குக் காரணம் என்று நிறுவப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. கழுத்துவலியும் தலைசுற்றலும் ஒருவருக்கே இருப்பதால் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது என்பது அவர்கள் வாதம். தலைசுற்றுகிறவர் பயத்தில் கழுத்தை விறைத்துக்கொண்டே நடப்பார், அதனாலும் வலி வரும். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. சிகிச்சை பலிக்கிறது என்பது ஒன்று, காரணம் நிரூபணமானது என்பது வேறு. பிடியை மட்டும் விற்கும் வகுப்பு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்காது.

நான்கைந்து முறை கை வைத்தும் மாற்றம் இல்லையென்றால் பத்தாவது முறைக்குச் சீட்டு போடக் கூடாது. என்னென்ன சோதித்தோம், எது எப்படி வந்தது, எதைப் பார்க்க முடியவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, காது மருத்துவருக்கோ நரம்பியல் மருத்துவருக்கோ அனுப்ப வேண்டும். அந்த ஒரு பக்கத்தை எழுதவும் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.