மண்ணுக்குள் ஒலிக்கும் எச்சரிக்கை

தெமட்டகொடையை அடுத்துள்ள கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்குக் கொழும்புத் துறைமுகத்திலிருந்து நிலத்தடிக் குழாய்கள் வழியே எண்ணெய் வருவதை நம்மிற் பலர் அறியோம். உருக்குக் குழாயைத் துருப்பிடியாமற் காப்பது அதன் மேற்பூச்சே. பூச்சுச் சிறிது பெயர்ந்தாலும் ஈரமண் பட்டுக் குழாய் அரிக்கப்படும். எண்ணெய் கசிந்து மண்ணும் நீரும் கெடும்.

அக்குறையைத் தோண்டாமலே காண்பது எங்ஙனம்? குழாயின் உலோகத்தில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்துவர். பூச்சுக் கெட்ட இடத்தில் அது மண்ணுக்குள் கசியும். குழாய்த் தடத்தின்மீது முன்னும் பின்னுமாக நடந்து செல்லும் இருவர், செவிக்கருவியில் ஒலி உயர்வதைக் கேட்டு அவ்விடத்தைக் குறிப்பர். அங்கு மட்டும் தோண்டிப் பூச்சைச் செப்பனிட்டாற் போதும்.

ஆயின், தடத்தின்மீது வீடெழுந்தால் அவர்கள் எவ்வாறு நடப்பர்? நாடி பார்க்க வரும் வைத்தியருக்குக் கையை நீட்டுகிறோம். அவர்களுக்கு அவ்வழியைத் திறந்து வைப்பதும் நம் கடமையன்றோ?