பாட்டியின் மொழியும் பேரனின் கதைப் புத்தகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், சதுப்பு நிலங்களும் மெல்ல நகரும் ஓடைகளும் நிறைந்த லூயிசியானா மாநிலத்தில் கேஜன் என்னும் மக்கள் வாழ்கின்றனர். பிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்கரின் வழிவந்தோர் இவர்கள். இவர்தம் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட கதைப் புத்தகங்களைப் பற்றியே ஈண்டுப் பேச விழைகிறோம். வேடிக்கையும் வண்ணப் படங்களும் நிறைந்த சிறு நூல்கள்தாம். ஆயினும் அவை பிறந்த காரணத்தை அறிந்தால் சிரிப்போடு சிறிது வேதனையும் கலந்துவிடும்.

இம்மக்களின் முன்னோர் பதினேழாம் நூற்றாண்டில் அக்காடியாவில், அதாவது இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில், குடியேறி உழுது வாழ்ந்தவர்கள். நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த அவர்களை ஆங்கிலேய ஆட்சி நாடு கடத்தியது. 1755 செப்டம்பர் 5-ஆம் நாள் கிராண்ட்-பிரே ஊரின் ஆண்களும் சிறுவர்களும் தங்கள் ஆலயத்திற்கே வரவழைக்கப்பட்டு, நிலமும் கால்நடையும் பறிமுதல் என்ற ஆணையைக் கேட்டனர். குடும்பங்கள் வெவ்வேறு கப்பல்களில் சிதறின. எஞ்சியோருள் ஒரு பகுதியினர் பின்னர் லூயிசியானாவை அடைந்தனர்; 1785-இல் மட்டும் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்து சேர்ந்தனர். ‘அக்காடியன்’ என்ற பெயரே தேய்ந்து ‘கேஜன்’ ஆயிற்று.

கடலைத் தாண்டியும் பிழைத்த மொழி பள்ளிக்கூடத்தில் அடிபட்டது. 1921-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே கட்டாயமாக்கிற்று. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, பள்ளியில் அதைப் பேசினால், இனிப் பேசமாட்டேன் என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அவ்வாறு எழுதிய கைகள் பெற்றோரின் கைகளானபோது, தம் பிள்ளைகளாவது இத்துன்பம் படலாகாது என்று வீட்டிலும் ஆங்கிலமே பேசின. பாட்டிக்குப் பேரனிடம் கதை சொல்ல மொழியில்லாமற் போயிற்று! பிரெஞ்சு மொழி வளர்ச்சிக்கென மாநில அரசு தனி அமைப்பு ஒன்றை நிறுவியது 1968-இல்தான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பத்திரிகையாளரான மேரி ஆலிஸ் ஃபோண்டெனோ என்ற அம்மையார் ‘குளோவிஸ்’ கதை வரிசையைத் தொடங்கிவிட்டார். குளோவிஸ் என்பது ஒரு கிராஃபிஷ்: இறாலுக்கு உறவான, கொடுக்குகள் உள்ள நன்னீர் உயிர், சேற்றில் வளை தோண்டி வாழ்வது, கேஜன் சமையலின் செல்லப் பொருள். நத்தை எத்தியேன், தவளை ரெனே முதலியோர் அதன் தோழர்கள். கதை ஆங்கிலத்தில் நடக்கிறது. இடையிடையே பிரெஞ்சுச் சொற்கள் வருகின்றன. அவற்றை உச்சரிக்கும் முறையும் தரப்படுகிறது. பாட்டியிடம் போய்ச் சொல்லிப் பார்க்கப் பேரனுக்கு நாலு சொற்களாவது கிடைக்கின்றன அன்றோ!

நாட்டுப்புறக் கதைகளில் முந்தி நிற்பவர்கள் தந்திரக்கார முயல் லாப்பேனும், ஏமாளியான பூக்கியும். தாரால் செய்த பொம்மையில் ஒட்டிக்கொண்டு அகப்பட்ட முயல், “எதுவும் செய்யுங்கள், முட்புதரில் மட்டும் எறியாதீர்கள்” என்று மன்றாடித் தப்பும் கதையைப் பேராசிரியர் அல்சே ஃபோர்த்தியே 1895-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே காண்கிறோம். முட்புதர்தானே முயலின் பிறந்த வீடு! ‘பூக்கி’ என்பது செனகால் நாட்டு வொலோஃப் மொழியில் கழுதைப்புலியைக் குறிக்கும் சொல். அந்த விலங்கு இல்லாத லூயிசியானாவில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. கொண்டுவந்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். சிறுவர் நூல்கள் இதை ஒரு பக்கத்திலாவது சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து. நாடிழந்தவர்கள் அக்காடியர் மட்டுமல்லர்.

1973-இல் வெளிவந்த ‘கேஜன் நைட் பிஃபோர் கிறிஸ்மஸ்’ நூலில் கிறிஸ்மஸ் தாத்தாவின் படகை எட்டு முதலைகள் இழுத்து வருகின்றன. 2001-இல் வந்த ‘பெத்தித் ரூஷ்’ நூலிலோ சிவப்புத் தொப்பிச் சிறுமிக்குப் பதில் வாத்து. ஓநாய்க்குப் பதில் முதலை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் இவை கேஜன் மக்களின் கொச்சை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அந்த உச்சரிப்புக்காகவே ஒரு தலைமுறை ஏளனம் பட்டது. வீட்டுத் தாத்தா உரக்கப் படித்தால் அது குடும்பச் சிரிப்பு. இவர்களை அறியாத ஊரில் படித்தால் அதே சிரிப்பின் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே முதலில் கொடுக்க வேண்டியது குளோவிஸ் புத்தகமே என்போம்.

இன்று லூயிசியானாவின் சில பள்ளிகளில் பாடங்களையே பிரெஞ்சில் நடத்துகின்றனர். பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஆசிரியர்கள் வருகின்றனர். ஆனால் சதுப்பில் கத்தும் பெருந்தவளைக்குக் கேஜன் பிரெஞ்சில் ‘வாவாரோன்’ என்று பெயர். பாரிசின் பிரெஞ்சில் அச்சொல் வழங்குவதில்லை. அதற்குப் பேரன் பாட்டியிடந்தான் போக வேண்டும்.