ஒரு மணி நேரம் ஆட வருபவர்

பெங்களூரு ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கேமிங் சென்டர் நடத்துகிறேன். மணிக்கணக்கில் வாடகை. கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடைப் பையன்கள், மார்க்கெட்டில் சரக்கு இறக்கிவிட்டு வருபவர்கள், காலேஜ் மாணவர்கள் என்று சிவாஜிநகரே வரும். பலரும் ஆசையாகக் கேட்பது ‘வேலரண்ட்’. புதியவர்கள் சீக்கிரம் வெறுத்துப்போவதும் அதில்தான்.

ரயட் கேம்ஸ் 2020 ஜூனில் வெளியிட்ட கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டு அது. அணிக்கு ஐந்து பேர். முதலில் 13 சுற்று ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. ஒரு ஆட்டம் முடிய அரை மணி தாண்டிவிடும். சுற்றில் செத்தவர் அது முடியும்வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் சாவது புதியவர்தான். காசு கொடுத்த ஒரு மணி நேரத்தில் பாதி வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும். துப்பாக்கி வாங்கவும் கிரெடிட், அதாவது ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணம், வேண்டும். 2,900 கொடுத்து ‘வேண்டல்’ துப்பாக்கி வாங்கி உடனே செத்தால், அடுத்த சுற்றுக்குக் கையில் மிஞ்சாது. அணியில் திட்டு விழும். நடுவில் எழுந்து போனாலோ, மீதி நால்வரும் ஆள் குறைந்து தவிப்பார்கள். போனவருக்கும் தண்டனை உண்டு.

பேச்சும் ஒரு சிக்கல். எதிரி எங்கே என்று மைக்கில் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். மும்பை சர்வரில் பெரும்பாலும் இந்தி. எங்கள் ஏரியாவில் உருதுவின் வட்டார வழக்கான தக்னி பேசும் பையன்கள் சமாளித்துவிடுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் மைக்கை அணைத்துவிடுவார். அவர் கண்ணில் பட்டது அணிக்குத் தெரியாமலே போகும்.

பழைய ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6’லும் செத்தால் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பப்ளிக் சர்வரில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். நினைத்தபோது நுழையலாம், கிளம்பலாம், ஒருவர் சொதப்பினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘வேலரண்ட்’டில் ஐவரில் ஒருவர் சொதப்பினால் ஒளிய இடமில்லை. பொழுதுபோக்க வந்தவருக்குத் திறமை குறைவு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முன்பின் தெரியாத நான்கு பேருக்குப் பொறுப்பேற்கச் சொல்கிறது இந்த ஆட்டம். நாள் முழுக்கக் கடையில் நின்று வருபவரிடம் அதைக் கேட்பது அதிகம்.

ரயட்டும் குறுக்குவழிகளைத் திறந்திருக்கிறது. ‘ஸ்விஃப்ட்பிளே’ என்ற வகையில் 5 சுற்று ஜெயித்தால் போதும். 2023 ஜூனில் வந்த ‘டீம் டெத்மேட்ச்’சில் செத்தவர் சில நொடியில் திரும்ப வருவார், முதலில் 100 கொலை எடுத்த அணிக்கு வெற்றி. கிரெடிட் கணக்கும் இல்லை. அணி ஆட்டம்தான், ஆனால் ஒருவர் தவறு எல்லார் தலையிலும் விழாது.

நண்பரைப் புதிதாகக் கூட்டி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் ஒரு வாரம் அவரை ‘டீம் டெத்மேட்ச்’சிலேயே ஆட விடுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் மொழியிலேயே சொல்லிக்கொடுங்கள்.