பெர்மனன்டா, கான்ட்ராக்டா?

நெய்வேலிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் சம்பளம் கேட்பதில்லை. "பையனுக்கு என்.எல்.சி.யில் வேலை" என்று தரகர் ஆரம்பித்ததுமே, "பெர்மனன்டா, கான்ட்ராக்டா?" என்ற கேள்வி வந்துவிடும். பெர்மனன்ட் என்றால் அந்த ஒரு சொல்லுக்குள் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி, ரிடையர் ஆகும்போது கையில் ஒரு தொகை எல்லாம் அடக்கம். கான்ட்ராக்ட் என்றால், காபி ஆறும்வரை யாரும் பேசமாட்டார்கள். இத்தனைக்கும் இருவரும் போவது ஒரே ஷிப்டுக்கு. தலையில் ஹெல்மெட், மூக்கில் ஏறுவது அதே கரித்தூள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊரில் எது மாறியது, எது மாறவில்லை என்பதற்கு இந்தக் கேள்வியே நல்ல அளவுகோல்.

அன்று

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்கும் கதை இந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். ஆய்வுகள் நடந்து, 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பிறந்தது. 1957 மே 20-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

அன்றைய தமிழ்க் கூலிக் குடும்பங்களுக்குச் சுரங்கம் என்றால் கோலார்தான். வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனிக்காகப் பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். மிச்சமாகக் கிடைத்தது நெஞ்சில் படிந்த கல்தூசியும் இருமலும். நெய்வேலி இன்னொரு கோலார் ஆகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. முதலாளி அரசாங்கம், சுரங்கம் திறந்தவெளி, 1948-இன் தொழிற்சாலைச் சட்டமும் 1952-இன் சுரங்கச் சட்டமும் முன்பே வந்துவிட்டன. எட்டு மணி நேர வேலையைக் கேட்டுப் போராட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சட்டம் வந்ததால் பாறை இளகிவிடாது. கரிக்கு மேலே 45 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மண்ணும் கடலூர் மணற்பாறையும் கிடந்தன. ஒரு டன் கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிக் கொட்டவேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்களின் பற்களையே அந்தப் பாறை தேய்த்தது. கரிக்குக் கீழே வேறொரு எதிரி: சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் ஊற்றுநீர். அதை இராப்பகலாக இறைத்தாக வேண்டும். நிறுத்தினால் சுரங்கத் தரையே பிளந்துவிடும். மேலே கத்திரி வெயில், கீழே சேறு. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று வேலை பார்த்தவர்கள் 1961 ஆகஸ்டில் கரியைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் 50 மெகாவாட் முதல் அலகு ஓடியது.

அந்தக் கூட்டத்தில் கணிசமானவர்கள் நேற்றுவரை அதே மண்ணில் முந்திரியும் பலாவும் வைத்திருந்தவர்கள். ஊரோடு பெயர்க்கப்பட்டு வேறிடத்தில் குடிசை போட்டுவிட்டு, சொந்த நிலத்துக்கே கூலியாகத் திரும்பி வந்தார்கள். அது கொடுமை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு வாசல் இருந்தது. நாள்கூலியாக உள்ளே போனவர் சில வருடத்தில் நிரந்தரமாகலாம். அது வெறும் ஆசை அல்ல. அப்படி ஆனவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். வட்டம் வட்டமாக எழுந்த டவுன்ஷிப்பின் வேப்ப மர நிழலில், கைநாட்டு வைத்த அப்பாவின் பிள்ளை என்.எல்.சி. பள்ளியில் படித்து இன்ஜினீயர் ஆன கதைகள் உண்மையிலேயே நடந்தவை.

நடுவே

அந்த வாசல் ஒரே நாளில் சாத்தப்படவில்லை. இரண்டாம் சுரங்கம் வந்தது. 1,470 மெகாவாட்டில் இரண்டாம் அனல்மின் நிலையம் வந்தது. வேலை பெருகியது. ஆனால் ரிடையர் ஆனவர்களின் இடங்கள் பல நிரப்பப்படாமலே நின்றன. வேலை மட்டும் நின்றபாடில்லை. அதைச் செய்ய ஒப்பந்ததாரர் மூலம் ஆள் வந்தார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியினரை உறுப்பினராக்கித் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. ஒப்பந்ததாரர் மாறுவார், டெண்டர் மாறும். அதே கன்வேயருக்குக் கீழே அதே ஆள் குனிந்துகொண்டிருப்பார்.

ஆண்டு முழுக்க நடக்கும் வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அதிகாரம் கொடுத்தது. தடை வந்தால் தொழிலாளி தானாகவே நிரந்தரமாவாரா? ஆவார் என்று 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அப்படித் தானாக ஆகாது என்று மாற்றிச் சொன்னது. நெய்வேலிக்காரர்கள் பார்த்திராத இரண்டு வழக்குகள் அவர்கள் தலையெழுத்தை எழுதின.

2006-இல் மத்திய அரசு என்.எல்.சி.யின் பங்குகளை விற்கப் போனபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசியல் நெருக்கடியும் சேர, விற்பனை கைவிடப்பட்டது. 2013-இல் மறுபடி எதிர்ப்பு கிளம்ப, பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. 2010-லும் 2012-லும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி ஏறியது, கான்ட்ராக்ட் என்ற பெயர் மாறவில்லை. கம்பெனி தனியார் கைக்குப் போகக்கூடாது என்ற போராட்டம் வென்றது. கம்பெனிக்குள் உழைப்பவரெல்லாம் கம்பெனி ஆளாக வேண்டும் என்ற போராட்டம் மட்டும் தோற்றபடியே இருக்கிறது.

இன்று

மாற்றம் இல்லை என்று சொன்னால் பொய். கட்டுப்பாட்டு அறையில் ஏ.சி. ஓடுகிறது, திரையைப் பார்த்தே பல வேலை முடிகிறது. ஆனால் இயந்திரத்தால் செய்ய முடியாத, அல்லது இயந்திரத்தைவிட ஆள் மலிவாக இருக்கிற வேலைகள் மிச்சமிருக்கின்றன. பெல்ட்டிலிருந்து சிந்திய கரியை மண்வெட்டியால் வழித்துப் போடுவது, சாம்பல் அள்ளுவது, கொதிகலன் பக்கத்தில் சுத்தம் செய்வது. பழுப்பு நிலக்கரி வெயிலில் கிடந்தால் தானாகவே புகையத் தொடங்கும் ரகம். அதன் அருகில் நிற்பவர் பெரும்பாலும் கான்ட்ராக்ட். 2020-இல் மொத்தம் சுமார் 27,000 பேரில் 15,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று செய்திகள் சொல்லின. விதிவிலக்காக இருந்தது கணக்கில் பாதியைத் தாண்டிவிட்டது.

2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்க வாசலில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி பாதுகாப்புப் படை வீரரின் துப்பாக்கிக்கு இரையானார். சுரங்கத்துக்கு வெளியேயோ, 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், கதிர் பிடித்த வயலுக்குள் என்.எல்.சி.யின் பொக்லைன் இறங்கிப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டியது. நிலம் போவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் அன்று நிலம் கொடுத்தவர் 'எனக்கும் ஒரு வேலை' என்று வரிசையில் நிற்க முடிந்தது. இன்று அவர் பேரன் நிற்கும் வரிசையின் முடிவில் இருப்பது ஒப்பந்ததாரரின் பதிவேடு.

2020 மே 7-இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. 5 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1-ஆம் தேதி காலை அதே நிலையத்தின் ஐந்தாம் அலகில் இன்னொரு வெடிப்பு. அந்த இடத்திலேயே 6 பேர் போனார்கள். ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்தும் சாவுச் செய்தி வந்துகொண்டே இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், நேரு காலத்து முதல் அனல்மின் நிலையம் ஓய்ந்தது.

ஜூலை விபத்துக்குப் பின் நிர்வாகம் இழப்பீடு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 30 லட்சம் ரூபாய். அதோடு வீட்டில் ஒருவருக்கு வேலை. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அறிவிப்பிலேயே இருந்தது: நிரந்தரம்.