பின்னால் உட்காருபவருக்கு என்ன வாங்கினீர்கள்?

மோட்டார் சைக்கிளுக்கு அழகு எது? உயிருக்கு அரண் எது?

திருத்தணி மலை. காலை நேரம்.

மலைப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வருகிறது. புத்தம் புதிய வண்டி. சக்கரத்தில் இன்னும் சேறுகூடப் படவில்லை.

ஓட்டுகிறவர் கணவர். பின்னால் மனைவி. நடுவில் மூன்று வயதுக் குழந்தை. முருகன் சந்நிதியில் வண்டிக்குப் பூஜை போட வேண்டும். குழந்தைக்கு மொட்டை அடிக்க வேண்டும். இரண்டு பிரார்த்தனையையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

வண்டியில் என்னென்ன இருக்கிறது, தெரியுமா? இரட்டை ஹாரன். கலர் கலராக மின்னும் விளக்கு. பெட்ரோல் டாங்கிக்கு வெல்வெட் உறை. கைப்பிடியில் தொங்கும் குஞ்சம். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை.

கணவர் தலையில் பளபளக்கும் ஹெல்மெட் இருக்கிறது. மனைவி தலையில் மல்லிகைப் பூ இருக்கிறது. குழந்தை தலையில் ஒன்றுமே இல்லை!

விடுமுறை நாளில் இப்படி ஒரு வண்டியை மட்டுமா பார்க்கலாம்? வரிசையாகப் பார்க்கலாம்.

"ஏங்க, எனக்கும் ஒன்று வாங்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டிருப்பார்.

"நீ பின்னால்தானே உட்காரப் போகிறாய்? உனக்கு எதற்கு?" என்று கணவர் சொல்லியிருப்பார்.

அந்தப் பதில் சரியா?

தவறு! வண்டி கவிழ்ந்தால் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் என்று தார் ரோடு பார்ப்பதில்லை. முன்னால் இருப்பவருக்காவது கைப்பிடி இருக்கிறது. எதிரே வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இரண்டும் இல்லை.

நெரிசல் மிகுந்த பாதை

முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று திருத்தணி. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். ம.பொ.சி. முதலியோர் நடத்திய போராட்டத்திற்குப் பிறகு 1960-ம் ஆண்டில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

மலைக்கு ஏற 365 படிகள் உண்டு. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி! டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழா நடக்கும். ஆடிக் கிருத்திகை அன்று காவடிகளோடு கூட்டம் அலைமோதும். படி ஏற முடியாதவர்கள் வண்டியில் போக மலைப்பாதையும் இருக்கிறது.

அடிவாரத்திலோ சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெரிய சாலை. பஸ், லாரி, கார், வேன் என்று ஓயாத ஓட்டம். ஓரத்தில் காவடியோடு நடந்து போகும் பக்தர்கள். இவர்களுக்கு நடுவில்தான் மோட்டார் சைக்கிள் குடும்பமும் போக வேண்டும்.

கார்க்காரருக்குச் சுற்றிலும் இரும்புத் தகடு. மோட்டார் சைக்கிள்காரருக்கு என்ன இருக்கிறது? அவர் வாங்கி வைத்துக்கொள்ளும் சாமான்கள்தான் இருக்கின்றன. ஆகவே, எதை முதலில் வாங்குவது என்பது சின்ன விஷயம் அல்ல.

லாரன்ஸ் மரணம்

ஹெல்மெட் எப்படிப் பரவியது? அது ஒரு சோகக் கதை.

"அரேபியாவின் லாரன்ஸ்" என்று உலகப் புகழ் பெற்றவர் டி.இ. லாரன்ஸ். முதல் உலக யுத்தத்தில் பாலைவனத்தில் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டவர். துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தப்பியவர்.

அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1935-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி. இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு அருகே வண்டியில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள்! அவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாட்கள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 46.

அவரைக் கவனித்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். மூளை அறுவைச் சிகிச்சையில் வல்லவர். இந்த மரணம் அவர் மனதைக் குடைந்தது. "தலையைக் காப்பாற்ற வழி இல்லையா?" என்று ஆராய்ந்தார்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ராணுவத்தில் தபால் கொண்டு போகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் பலர் விபத்தில் மாண்டார்கள். குண்டுபட்டு அல்ல, தலையில் அடிபட்டு! ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு நேர்ந்த விபத்துகளில் ஏழு மட்டுமே கெய்ர்ன்சுக்குக் கிடைத்தன. அந்த ஏழு பேரும் பிழைத்தவர்கள்! 1941-ல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

பொதுமக்களுக்கு அந்த நாட்டில் சட்டம் வர 1973-ம் ஆண்டு ஆயிற்று.

உள்ளே இருக்கிறது ரகசியம்

ஹெல்மெட்டின் வெளி ஓடு கெட்டியாக இருக்கும். கல்லும் கம்பியும் உள்ளே நுழையாமல் அது தடுக்கும். ஆனால் தலையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோலுக்கு உண்டு.

சோதனைக்கு ஒரு முட்டையைக் கல்தரையில் போட்டுப் பாருங்கள். உடையும். அதே முட்டையைத் தலையணை மீது போட்டால் உடையாது. தலையணை அமுங்கிக் கொடுத்து வேகத்தை மெதுவாக அடக்குகிறது. தெர்மாகோல் செய்யும் வேலையும் அதுதான். தான் நசுங்கி, தலையை நசுங்காமல் காக்கிறது.

ஒரு தடவை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது. ஆகவே விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, மேலே கீறல் இல்லாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது.

தெர்மாகோல் இல்லாத வெறும் தொப்பியும் விற்பனைக்கு வருவதுண்டு. போலீசைக் கண்டதும் மாட்டிக்கொள்ள அது உதவலாம். உயிரைக் காக்க உதவாது. 2021-ம் ஆண்டு ஜூன் முதல், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டைத்தான் நம் நாட்டில் விற்கலாம் என்பது சட்டம். "ஐ.எஸ். 4151" என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த நிபுணர்கள் 2008-ல் சொன்ன கணக்கு இது: ஹெல்மெட் அணிவதால் மரண அபாயம் 42 சதவீதம் குறைகிறது. தலைக்காய அபாயம் 69 சதவீதம் குறைகிறது.

மொட்டைத் தலைக்கு எது?

திருத்தணிக்குப் போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

மலை ஏறும்போது தலையில் அடர்ந்த முடி. ஹெல்மெட் கச்சிதமாக இருந்தது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று. இறங்கும்போது அதே ஹெல்மெட் தலையில் ஆடுகிறது! முடி இருந்த இடம் காலியாகிவிட்டதல்லவா?

ஆடும் ஹெல்மெட் விபத்தில் கழன்று ஓடும். ஆகவே சந்தனம் காய்ந்த பிறகு அணிந்து, தாடைப் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழையலாம். அதற்கு மேல் இடம் கூடாது. பிறகு பின்புறத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அது அந்தத் தலைக்கு உரியது அல்ல.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராது. முடியைப் பிடரியில் தாழ்வாகக் கட்டிக்கொள்ளலாம். பூவைப் பையில் வைத்துக்கொண்டு போய், கோவில் வாசலில் சூடிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்கும்போது, "வளர்கிற பிள்ளை" என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பது வழக்கம். ஹெல்மெட்டில் அது ஆபத்து! இன்றைய தலைக்கு இன்றைய அளவுதான் வாங்க வேண்டும்.

குழந்தைக்குக் கச்சை

நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி, ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். லைசென்சையும் மூன்று மாதம் இழக்க நேரிடும்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு? அதற்கும் விதி வந்துவிட்டது. 2023-ம் ஆண்டு பிப்ரவரி முதல் அது அமலில் இருக்கிறது. குழந்தைக்குப் பாதுகாப்புக் கச்சை மாட்ட வேண்டும். அது ஒரு சட்டை போல இருக்கும். அதன் வார்களை ஓட்டுகிறவர் தன் தோளில் மாட்டிக்கொள்வார். குழந்தை தூங்கி விழுந்தாலும் சரிந்து போகாது. ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தைக்கு ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

மொட்டை அடித்த குழந்தை அழுது களைத்துத் தூங்கும். தூங்கும் குழந்தையைத் தாய் ஒரு கையால் அணைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? கச்சையின் அருமை அப்போது தெரியும்.

சேலையை இழுக்கும் சக்கரம்

1927-ம் ஆண்டு. பிரான்ஸ் தேசத்தில் நீஸ் நகரம். இசடோரா டங்கன் என்ற புகழ் பெற்ற நடன மங்கை காரில் ஏறினார். கழுத்தில் நீண்ட பட்டுத் துண்டு. கார் புறப்பட்டது. துண்டின் நுனி சக்கரத்தில் சிக்கியது. கழுத்து இறுகி அவர் மாண்டார்.

சேலை முந்தானையும் துப்பட்டாவும் நம் நாட்டில் இதே போலச் சிக்குவது உண்டு. இதற்காகத்தான் பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க மிதியும் இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. "சாரி கார்டு" என்று கடைக்காரர்கள் சொல்வது இந்தத் தடுப்பைத்தான்.

"வண்டியின் அழகு கெடுகிறது" என்று சில வாலிபர்கள் இதைக் கழற்றி எறிகிறார்கள். பிறகு அதே வண்டியில் தாயையும் தங்கையையும் ஏற்றிச் செல்கிறார்கள். தடுப்பு இருந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. துப்பட்டாவை முடிந்துகொள்வது நல்லது.

கண்ணாடியை மறைக்கும் மாலை

பூஜை முடிந்ததும் வண்டிக்கு மாலை போடுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் மாலை விளக்கை மறைக்கக் கூடாது. பக்கக் கண்ணாடியை மூடக் கூடாது. கைப்பிடி திரும்புவதைத் தடுக்கக் கூடாது. சாமிக்குக் காட்டிய பிறகு மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கலாம்.

பக்கக் கண்ணாடி தலை வாருவதற்கு அல்ல! பின்னால் வரும் லாரியைப் பார்ப்பதற்கு. அதைக் கழற்றுவதும், உள்பக்கம் மடக்கி வைப்பதும் தவறு.

தேங்காய், பழம், பிரசாதம் அடங்கிய பையைக் கைப்பிடியில் மாட்டுகிறார்கள். மலைப்பாதை வளைவில் பை ஆடும். கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும். பக்கவாட்டுப் பெட்டி ஒன்று பொருத்தினால், அல்லது முதுகுப் பை ஒன்று வாங்கினால், இந்தத் தொல்லை இல்லை.

மழைக்காலத்தில் பின்னால் இருப்பவர் குடை பிடிப்பதும் ஆபத்து. காற்று குடையை இழுக்கும். குடையோடு ஆளையும் இழுக்கும். சட்டையும் கால்சட்டையுமாக இரண்டு துண்டாக உள்ள மழைக்கோட்டு நல்லது. அதுவும் ஒன்று போதாது. இரண்டு வேண்டும்.

இரவில் கறுப்புக் கண்ணாடி உள்ள ஹெல்மெட் கூடாது. நடந்து போகும் பக்தர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

எது முதலில்?

வாங்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் பின்னால் இருப்பவருக்கு ஹெல்மெட். அடுத்து குழந்தைக்கு ஹெல்மெட்டும் கச்சையும். அப்புறம் சாரி கார்டும் கண்ணாடியும் சரியாக இருக்கின்றனவா என்ற சோதனை. பிறகு மழைக்கோட்டு, பெட்டி. பணம் மிஞ்சினால் வெல்வெட் உறையும் குஞ்சமும் வாங்கிக்கொள்ளலாம். யாரும் தடுக்கப் போவதில்லை!

சூரபத்மனோடு போரிட்ட முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் திருத்தணி என்பது ஐதீகம். அங்கே போய்த் திரும்பும் மோட்டார் சைக்கிள்காரரின் வேகமும் தணியட்டும்.

போகும்போது மூன்று பேர். வீட்டு வாசலில் வந்து இறங்கும்போதும் மூன்று பேர். வேண்டுதலில் பெரிய வேண்டுதல் அதுதானே?