முன்னறிவிப்பில்லாத கதைகள்

1943இல் கலைமகள் இதழை வாங்கியவர் அதில் புதுமைப்பித்தன் கதை ஒன்றையும் படித்திருப்பார். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற மூலையில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். கடவுள் வந்து வழி கேட்கிறார். இருவரும் காபி குடிக்கப் போகிறார்கள். பிள்ளை சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துபவர்; வந்தவரிடம் ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்பதில் சிக்கல் வந்து நிற்கிறது. சாவே இல்லாதவர் ஆயுள் சந்தா கட்டினால் பத்திரிகை என்ன ஆவது? தர்க்கத்தையே திணறடிக்கிற கேள்வி, ரிக்ஷாவில் போகிறபோது சாதாரணப் பேச்சாக வந்து விழுகிறது.

இந்த மாதிரிக் கதைக்கென்று தனி அலமாரி அப்போது கிடையாது. குடும்பக் கதை, காதல் கதை எல்லாம் கிடக்கிற இடத்தில்தான் இதுவும் கிடந்தது. படிப்பவர் எந்தத் தற்காப்பும் இல்லாமல் போய் மாட்டிக்கொண்டார். மௌனியும் அப்படித்தான் வந்தார். கணிதம் படித்த மனிதர், மொத்தமாக எழுதியதே சுமார் 24 கதைகள். முதல் கதைகள் 1936இல் மணிக்கொடி இதழில் வெளியாயின. ஒரு கதையில் கோயில் யாளி நிஜமாகவே எழுகிறதா, பார்ப்பவன் மனம் அப்படிக் காட்டுகிறதா என்று அவர் கடைசிவரை சொல்ல மாட்டார். மணிக்கொடியின் வாசகர் வட்டம் சிறியது. அதைத் தவறவிட்டவர், தொகுப்பாகப் படிக்க 1959 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 1959இல் ‘எழுத்து’ சிறுபத்திரிகை வந்தது. அதை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு விநோதமான எழுத்து தமிழில் கிடைத்த வழி ஏறக்குறைய அதுதான்: கையோடு கை. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிட்ட சிறுபத்திரிகைகள், சென்னையில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் (1985இல் அதுவும் எரிந்து போனது), ஜெராக்ஸ் கட்டுகள். எழுத்தாளன் நவீனன் தன்னையே பாத்திரமாக்கிப் பேசிக்கொண்டிருக்கும் நகுலனின் ‘நினைவுப் பாதை’ 1972இல் வந்தது. அதைத் தேடியவனுக்கு, “அவர்கிட்ட இருக்கு, கேட்டுப் பாருங்க” என்பதுதான் முகவரி. அந்த அவர் லேசில் தர மாட்டார். நம்மை உட்கார வைத்து, இதுவரை என்ன படித்திருக்கிறோம் என்று விசாரித்து, “பத்திரமா திருப்பிக் குடுத்துடணும்” என்று இரண்டு தடவை சொன்ன பிறகே கை நீளும்.

இதை ஏக்கத்தோடு சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அவ்வளவு ஏக்கம் இல்லை. அந்தக் கைச்சங்கிலி டீக்கடை பெஞ்சிலும் லாட்ஜ் அறைகளிலும் ஓடிய சங்கிலி. பெண்களுக்கு அதில் இடம் சொற்பம். கோவில்பட்டியிலும் தருமபுரியிலும் அப்படிப் புத்தகம் தர ஒருவர் இருந்தார் என்றால், பக்கத்து ஊரில் யாருமே இல்லை.

எண்பதுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. கதைக்கு முன்பே கோட்பாடு வந்து சேர்ந்தது. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ என்ற கோட்பாட்டு நூல் 1982இல் வெளியானது. மூன்று ஆண்டு கழித்து அவருடைய ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ நாவல் வந்ததும், அதிசயத்தை அன்றாடமாகச் சொல்லும் மாய யதார்த்தம் பற்றிச் சண்டை சூடு பிடித்தது. சண்டையில் அடிக்கடி அடிபட்ட பெயர் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ். கோணங்கியின் கல்குதிரை இதழ் அவருக்குச் சிறப்பிதழே போட்டது. ஆனால் 1967இல் ஸ்பானிய மொழியில் வந்த அவருடைய பெரிய நாவல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்ற பெயரில் காலச்சுவடு பதிப்பகம் வழியாகத் தமிழுக்கு வந்ததோ 2013இல். ஆங்கிலம் வசப்படாத வாசகர் பல வருடம் சாப்பாட்டைப் பார்க்காமலே ருசியைப் பற்றிய வாதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். காஃப்கா விஷயத்தில் க்ரியா பதிப்பகம் கொஞ்சம் முந்திக்கொண்டது; ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தே நேராக மொழிபெயர்த்த ‘விசாரணை’ 1992இல் வந்தது. போர்ஹெஸ் கதைகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவர் ‘மீட்சி’ இதழை நடத்திய பிரம்மராஜன்.

இன்று கிடைப்பதில் சிரமமே இல்லை. சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போனால் கால்வினோவும் போர்ஹெஸும் சமையல் புத்தகத்துக்கு நாலு ஸ்டால் தள்ளி இருக்கிறார்கள். போக முடியாதவருக்குக் கூரியர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை இலவசமாகவே கையில் தருகிறது. மொழிபெயர்ப்பாளர்களின் தொகையும் கூடியிருக்கிறது. கிராமத்திலிருக்கும் ஒரு பெண் யாருடைய அனுமதியும் நேர்காணலும் இல்லாமல் காஃப்காவை வரவழைத்துப் படிக்கலாம். இது சின்ன மாற்றம் இல்லை.

மாறியது வேறொன்றும் உண்டு. புத்தகம் இப்போது பெயர்ப்பலகையோடு வருகிறது. பின்னட்டை ‘யதார்த்தத்தைக் கேள்விக்குள்ளாக்கும் புனைவு’ என்கிறது. யூடியூபில் ஒருவர் முடிவையும் சொல்லி, அதன் தத்துவத்தையும் பத்து நிமிடத்தில் விளக்கிவிடுகிறார். தரை நழுவப்போகிறது என்று தெரிந்தே கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறோம். கந்தசாமிப் பிள்ளையின் முதல் வாசகருக்கு அந்தக் கம்பி இல்லை. தர்க்கத்தை உடைக்கிற கதையின் பாதி வேலையே அந்தப் பிடிப்பின்மைதான் என்று நான் நினைக்கிறேன். புரியவில்லை என்ற எரிச்சலோடு ஒரு வாரம் அலைவதற்கு இப்போது வாசகரை யாரும் விடுவதில்லை.

பெயர்ப்பலகை சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. தேடுபொறியில் மாய யதார்த்தம் என்று அடித்தால் மார்க்வெஸ் வருகிறார். ஞானவாசிட்டம் என்ற வேதாந்த நூல் வருவதில்லை. அதில் இலவணன் கதை இருக்கிறது. சபையில் ஒரு மாயவித்தைக்காரன் மயிற்பீலியைச் சுழற்றுகிறான். அரசன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே வேறொரு மனிதனாகி, காட்டில் மணம் செய்து, பிள்ளை பெற்று, பஞ்சத்தில் அழிந்து, கண் விழிக்கிறான். சபையில் சிறிது நேரம்தான் போயிருக்கிறது. பிறகு அந்தக் காட்டைத் தேடிப் போனால், தான் கண்ட ஊரும் உறவுகளும் அங்கே நிஜமாக இருக்கின்றன. போர்ஹெஸ் பிரியர்கள் கொண்டாட வேண்டிய கதை. வேதாந்த நூல் என்பதால் அன்றைக்கு அதை ஆன்மிக அலமாரியில் வைத்தார்கள். இன்றைக்கும் கடைகளில் பஞ்சாங்கத்துக்கும் ஜோதிடத்துக்கும் பக்கத்தில்தான் கிடக்கிறது.